ஒன்பது பேரின் ஒரு ஓட்டு

எலிசேயோ பாரியெந்தோஸுக்கு நான் தர வேண்டியது ஒரு டாலர் எழுபத்தைந்து சென்ட். நாற்பத்தொரு வருஷத்துக் கடன். அவர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

அந்தக் காலத்தில் டெக்சஸில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் ஜனவரி முடிவதற்குள் தலைவரி கட்ட வேண்டும். எங்களுக்கு ஜனவரியில் வேலையே கிடையாது. வெங்காயம் பிடுங்கத் தொடங்குவது மார்ச் கடைசியில்தான். சண்டைக்குப் போய் இத்தாலியில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்த எலிசேயோ, வீடு வீடாக வந்து அந்தக் காசைக் கையில் வைத்தார்.

"உனக்காக நான் போய்க் கட்ட மாட்டேன் கசிமீரோ. கோர்ட்டுப் படியை உன் காலால ஏறு. அறுவடை முடிஞ்சு திருப்பிக் குடு, போதும்."

போனேன். கோர்ட்டு வாசலில் வெங்காயத் தோட்டத்து மேஸ்திரியின் லாரி நின்றது. அவன் அதில் சாய்ந்து பல் குத்தியபடி, யார் யார் படி ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஏறினவனுக்கு மார்ச்சில் வேலை இருக்காது. நான் நிற்காமல் நடந்து, முக்குக் கடையில் மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரலில் பள்ளிக்கூட வாரியத் தேர்தல். எங்கள் பிள்ளைகளைத் தகரக் கொட்டகையிலிருந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கட்டடத்துக்குக் கொண்டுபோகத்தான் எலிசேயோ நின்றார். ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். இன்னும் மூன்று வருஷம் பிள்ளைகள் அந்தத் தகரத்தடியில் வெந்தார்கள். காசைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்தான். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்றைக்கு அதே பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அங்கே மாலை வகுப்பில் ஐம்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் என்பதால் என்னையும் இரண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அவர் கொடுத்த காசில்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டேன்" என்று தாளில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகு தூக்கம் போய்விட்டது.

விடிந்ததும் அவர் மனைவி வீட்டுக்குப் போனேன். ஊரே மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் எர்மீனியா அடுப்படியில் சோளத்தோல் விரித்து மாவு தடவிக்கொண்டிருந்தாள். விழாவுக்கு முப்பது டஜன் தமால். மேசையில் ரெஃபூஹியோ, என்னோடு முப்பது வருஷம் மூட்டை தூக்கியவன், காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போகட்டும் என்று பார்த்தேன். போகிற ஆளாகத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"தோன்யா, அன்னிக்கு நான் வரி கட்டல. ஓட்டும் போடல. அந்த ஒரு ஓட்டு என்னுது."

ரெஃபூஹியோ காபியைத் துப்பினான். "போடா! அது என்னுதுடா! இப்பத்தான் அழுது முடிச்சேன், அதுக்குள்ள பங்குக்கு வந்துட்டான்!"

"நீ கட்டினேன்னு சத்தியம் பண்ணியே?"

"நீயும்தான பண்ண!"

"சண்டை போடாதீங்க," என்றாள் எர்மீனியா, கையிலிருந்த மாவை வழித்தபடி. "போன வாரம் தியோஃபிலோ வந்து இதையேதான் சொன்னான். அவன் அண்ணன் சாகக் கிடந்தப்ப பாதிரியார் மூலமா சொல்லி அனுப்பினான். மொத்தம் ஒம்போது பேரு. ஒரு ஓட்டுக்கு இத்தனை சொந்தக்காரங்களா!"

"ஒம்போதுன்னு எப்படித் தெரியும்?"

"ஓட்டுப் போட்டவன் எல்லாம் அறுவடை முடிஞ்சதும் காசைக் கொண்டாந்து குடுத்துட்டான். ஒம்போது பேருதான் தெருவுல எங்களைக் கண்டா வேலி தாண்டிப் போனீங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? போய்க் கேளுங்கன்னு நான்தான் கத்தினேன். 'அவங்க தப்பு இல்ல எர்மீனியா. எதிரி பாத்துட்டு நிக்கிற எடத்துக்கு ஒத்தை ஒத்தையா ஆளை அனுப்பினேன் பாரு, அது என் தப்பு. இத்தாலில கத்ததை இங்க வந்து மறந்துட்டேன்'னாரு."

அந்தத் தேர்தலுக்கு அடுத்த ஜனவரியில் அவர் ஏன் ஒரு லாரியை வாடகைக்கு எடுத்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்பது பேரை ஒன்றாக ஏற்றிக்கொண்டுபோய்க் கோர்ட்டில் இறக்கினார். நாற்பது பேரையும் நிறுத்தினால் வெங்காயம் அழுகிவிடும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டான். நானும் அந்த லாரியில் போனேன், என் சொந்தக் காசோடு.

கணக்குப் பார்த்தால் ஒன்பது பேர் என்பது ஒருவனைவிட மோசம்தான். இருந்தாலும் நெஞ்சிலிருந்து மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது. ரெஃபூஹியோவும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். தாளை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, "அவர் கொடுத்த காசில் நான் ஓட்டுப் போடவில்லை" என்று எழுதினேன்.

"மேடையில அதையா படிக்கப் போற?" என்றான் ரெஃபூஹியோ.

"ஆமா. உன் பேரையும் சேக்கவா?"

"சேத்துக்கோ. எழுத்துப் பிழை இல்லாம எழுது."

நான் கிளம்பினேன். எர்மீனியா கதவை மறித்துக் கை நீட்டினாள்.

"காசு?"

"தோன்யா?"

"அவரு மன்னிச்சாரு, சரி. காசு என்னுது. நான் தமால் வித்த காசு. ஒருத்தன் வரிக்கு அஞ்சு டஜன் வித்தேன்."

இரண்டு டாலர் கொடுத்தேன். மீதி வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. மாவுக் கையாலேயே டப்பாவைத் துழாவி, இருபத்தைந்து சென்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.