மேடம் தனியாகக் கிளம்பினாள்

“பிரேக்கைப் பிடிங்க!”

“எந்தப் பிரேக்கை, மேடம்?”

“இருக்கிற எல்லாத்தையும்!”

அவன் பின்னால் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பைக் தன் பாட்டுக்குப் போய்ப் புதரில் படுத்தது. பிடித்த கையை அவன் அப்புறம் விடவேயில்லை. அது கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது.

டிரைவிங் ஸ்கூலில் அவள் டீச்சர், அவன் மாணவன். வருஷங்கள் ஓடியும் அவன் வாயில் இன்னும் ‘மேடம்’தான். “மேடம், சாப்பிட வாங்க.” “மேடம், தப்பா நினைக்காதீங்க, குறட்டை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு.” அவளும் வீம்புக்கு ‘வாங்க, போங்க’ என்று ஆரம்பித்து, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் நுழைந்தால் பாங்க் கவுன்ட்டரில் நிற்பது போலிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் “எங்கடி போய்த் தொலைஞ்சே?” என்று மனைவியைத் தேடினால் தெருவே முகம் சுளிக்கும். அவளுக்கு மட்டும் பொறாமையாக இருக்கும். ஒரே ஒரு ‘டி’! கணவனிடம் அதைக் கேட்டு வாங்குவதா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

எத்தனையோ பேருக்கு மைதானத்தில் எட்டு போடச் சொல்லிக்கொடுத்தவள், தானும் ஒரு தடவையாவது நேராகப் போக வேண்டும் என்று இந்த லீவில் தனியாக பைக்கை எடுத்தாள். நான்கு மாநிலம் சுற்றுவதாகத் திட்டம். தூரமாகப் போய்விட்டால் போனில் கேட்கிற தைரியம் வரும் என்பது உள்கணக்கு.

முதல் மாநிலத்தில் வளைவுக்கு வளைவு கையை நீட்டி முறைப்படி சிக்னல் காட்டினாள். எதிரே வந்த பஸ் முழுக்க அவளுக்கு டாட்டா காட்டியது. அடுத்த மாநிலத்தில், ஹெல்மெட் வாரைத் தொங்கவிட்டு வந்த போலீஸ்காரரை நிறுத்திப் பாடம் எடுத்தாள். அவர் விறைப்பாக நின்று, “சரிங்க மேடம்” என்றார்.

அங்கேயுமா!

சாயங்காலமானால் கணவனின் போன் வரும். பல் செட் செய்கிறவன். பாதி நேரம் யாருடைய பல்லையோ கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவான். “சாப்பிட்டீங்களா மேடம்?” தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, “ஆச்சுங்க” என்பாள்.

மூன்றாவது மாநிலத்தில் ஒரு சிக்னல். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று வாய்விட்டே சொன்னாள். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப வருஷமா மனசுல இருக்கு.”

“கேளும்மா” என்றார் பக்கத்துக் காரிலிருந்த நம்மூர்ப் பெரியவர், எஞ்சினையே அணைத்துவிட்டு.

அவளுக்கு உயிரே போயிற்று. “இந்த... இந்த ரோடு எங்க போகுது?”

அவர் கோழிப்பண்ணை, தண்ணீர்த் தொட்டி, ரெண்டாவது வலது என்று வேர்க்க விறுவிறுக்க வழி சொன்னார். அவ்வளவு பாடுபட்டவருக்கு எதிரிலேயே வேறு பக்கம் திருப்ப மனம் வரவில்லை. சொன்ன வழியிலேயே போனாள். பொழுது சாய்கையில் ஒரு வரவேற்புப் பலகை வந்தது. நேற்று விட்டு வந்த அதே மாநிலம்! சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்வதற்குள் பெட்ரோலும் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க மேடம்?”

“தெரியலைங்க. ஒரு செங்கல் சூளை தெரியுது. பெட்ரோல் இல்ல.”

“ஐயோ! அங்க எப்படிப் போனீங்க?”

“ஒரு பெரியவர் வழி சொன்னாரு. மரியாதைக்கு இந்தப் பக்கம் வந்தேன்.”

“மரியாதைக்கா? நீங்க கிளம்பினதுலேருந்து இங்க ஒருத்தனுக்குச் சோறு இறங்கல, தூக்கம் இல்ல. அறிவிருக்கா உன...” சட்டென்று நின்றது குரல். “...உங்களுக்கு. மன்னிச்சிடுங்க மேடம்.”

அவள் வண்டியிலிருந்து குதித்தே விட்டாள். “மன்னிப்பெல்லாம் வேண்டாம். இப்ப ஒண்ணைப் பாதியில முழுங்கினீங்களே, அது என்ன?”

“தெரியாம வந்துடுச்சு மேடம்.”

“தெரியாம வந்ததுதான் நல்லா இருந்துச்சு!”

சூளைப் பக்கமிருந்து ஒரு நாய் வந்து, நடப்பதைப் பார்க்க உட்கார்ந்தது. அவளுக்குக் காது மடல் சூடேறியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“கல்யாணமான நாள்லேருந்து கேக்கணும்னு இருக்கேன். அந்த மேடத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. ஒரே ஒரு தடவை என்னை ‘வீட்டுக்கு வாடி’ன்னு கூப்பிடுங்க.”