வலது சக்கரம் இன்னும் எங்கள் வீட்டில்

மேலே ஏற்றத் தெரிந்த உங்களுக்குக் கீழே இறக்கத் தெரியவில்லை. குற்றம் முழுக்க உங்களுடையது. உங்கள் ரிமோட் விமானத்தின் வலது சக்கரம் இன்றோடு நாற்பத்தொரு நாளாக எங்கள் படுக்கையறைச் சீலிங்கில், மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளி, தன் கம்பிக் காலோடு தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் குப்புதுரை. நாமக்கல்லில் பழைய லாரி டயர் வாங்கி விற்கிறவன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு மரியாதையாக எழுதியிருக்க மாட்டேன்.

சக்கரம் வந்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த மாதிரி விமானத்தின் இறக்கை இரண்டு விரல் தடிமன்கூடத் தேறாது. ஏறியதும் மோட்டார் போட்டு மடக்குகிற சக்கரம் அதற்குள் எப்படி அடங்கும்? மடங்கிய சக்கரம் யாராவது ஒருவர் வீட்டுச் சீலிங்குக்கு வந்துதான் ஆக வேண்டும். எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் வந்திருக்கிறது. ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் இருக்கும். தரையில் நின்று பறக்கவிடுகிறவர் சுவிட்சைப் போட்டதும் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சீலிங் காலியாக இருக்கும். அந்த எட்டு நிமிஷமும் அதைத் தொடக்கூடாது, அதில் துணி காயப்போடக்கூடாது. மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. உங்களுடைய மற்ற இரண்டு சக்கரங்களும் யார் வீட்டில் இருக்கின்றனவோ, அது அவர்கள் பாடு.

வந்த அன்று அது சுற்றிக்கொண்டே வந்தது. எலுமிச்சம்பழ அளவு. ரப்பரில் ஈரப்புல் இரண்டு இழை ஒட்டியிருந்தது. முப்பது வருஷமாக டயரோடு புரண்டு வளர்ந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு என்னை டயர்க் கடையில் தள்ளிவிட்டார்கள். வளைந்தது, வெடித்தது, ஒட்டுப் போட்டது எல்லாம் கைக்குப் பழக்கம். ஆனால் அத்தனை சுத்தமான ஒரு வட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. என் மனைவி மல்லிகேஸ்வரி, வீட்டில் மல்லிகா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அது சுற்றி ஓய நான்கு நிமிஷம் ஆயிற்று. அந்த நான்கு நிமிஷமும் இருவரும் அண்ணாந்தே நின்றோம்.

"ஏனுங், மேல போயிட்டு வந்த சக்கரமுங்களே இது" என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

சக்கரம் மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் வீடு சாய ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் விமானம் இடது பக்கம் திரும்பினால் தட்டில் ரசம் இடது ஓரத்துக்கு ஓடும். வலது பக்கம் திரும்பினால் மல்லிகா சோற்றைக் கையால் அணை கட்டுவாள். அது உயரத்துக்கு ஏறும்போது மின்விசிறி மெதுவாகும், பல்பு மஞ்சளடிக்கும். மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் விமானம் தெரியும். வெள்ளையாக, ஒரு கொக்கு அளவில், மலைக்கோட்டைக்கும் மேலே வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்.

சேலத்திலிருந்து ஷாஜகானை வரவழைத்தேன். அவர் இந்த ரிமோட் விமானச் சாமான் விற்கிற கடைக்காரர். கட்டிலின் மேல் ஏறி நின்று, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒண்ணுமில்லண்ணா. பறக்கவிட்டவரு ரேடியோவுக்கும் சக்கரக் காலுக்கும் சேர்த்து ஒரே பாட்டரி போட்டிருக்காரு. கால் எங்கயாவது சிக்கினா மோட்டார் கரண்ட்டை மொத்தமா உறிஞ்சிரும். அந்தப் பாட்டரி மொத நாளே செத்திருக்கும்."

"செத்தா விழுந்திருக்கணுமே தம்பி."

"எங்க விழுறது? கால் ஒயர் உங்க வீட்லல்ல இருக்கு. அதே ஒயர் வழியா ரிவர்ஸ்ல இழுக்குது. இப்ப அதுக்குப் பாட்டரி உங்க வீடுதாண்ணா."

நான் கத்தினேன். ஷாஜகானிடம் கத்தவில்லை. சீலிங்கைப் பார்த்து உங்களைத்தான் கத்தினேன். காலுக்கென்று தனியாக ஒரு சின்னப் பாட்டரி வைப்பதற்கு உங்களுக்கு என்ன கேடு? மிச்சம் பிடிக்கலாம், அது எனக்கும் தெரிந்த கலைதான். ஆனால் இறங்குகிற காலில் மிச்சம் பிடிப்பார்களா?

எட்டாம் நாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. விமானம் விழுந்துவிடும், சனியன் தொலைந்தது என்று கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கிறது. மல்லிகா கட்டிலில் கிடந்தாள். ஒன்பது மணிக்குக் கொட்டாவி வந்ததாம், படுத்தாளாம். அதற்குப் பிறகு ஐந்து மணிக்குத்தான் கண் விழித்திருக்கிறாள். மூன்று நாள் இட்லிக் குண்டானைத் தூக்க முடியவில்லை.

டாக்டரம்மா ரத்தம் பார்த்தார், எக்ஸ்ரே பார்த்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஷாஜகானுடையதைப் போலவே ஒரு மீட்டரை எடுத்து மல்லிகாவின் இரண்டு கட்டைவிரல்களிலும் வைத்தார்.

"முப்பது சதவீதம்தான் இருக்கு. சாப்பிட்டா, தூங்கினா மெதுவா ஏறும். ஆனா இன்னொரு தடவை இப்படி அடிமட்டத்துக்கு இறக்கிட்டீங்கன்னா அப்புறம் ஏறாது. பார்த்துக்குங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மின்தடை அன்று அவளை மோகனூரில் அவள் தங்கை வீட்டில் விட்டுவிடலாம், வீட்டைப் பூட்டிவிடலாம் என்றேன்.

"ஊட்ல ஆளில்லீன்னா அது உளுந்துருமுங்க" என்றாள்.

"உளுந்தா உளுவுது. யாரூட்டுப் பிளேன் அது?"

"என்னால முடியாதுங்க. தெனமும் அண்ணாந்து பார்த்திருக்கறேன். நம்மூட்டுக் கரண்டுல ஒண்ணு அவ்வளவு ஒசரத்துல போகுது. நீங்க வேணா போங்க."

பதினைந்து வருஷக் குடித்தனத்தில் நான் எல்லாரிடமும் பேரம் பேசி ஜெயித்திருக்கிறேன், அவளைத் தவிர. சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

என் கடையிலேயே ஒரு பழைய லாரி பாட்டரி கிடக்கிறது, அதை மாட்டினால் என்ன என்று ஷாஜகானிடம் கேட்டேன். அது பன்னிரண்டு வோல்ட், சுண்டுவிரல் அளவு மோட்டார் பொசுங்கிவிடும் என்றார். பிறகு மூன்று பாட்டரிகளை மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இது நிக்கல்ணா. சும்மா வெச்சிருந்தாலே தானா இறங்கும். ஆனா நல்ல மனசு. தீரப் போகுதுன்னா மெதுமெதுவா தொய்ஞ்சு சொல்லிட்டுத்தான் போகும். இது லித்தியம் பாலிமர். பலசாலி, ஆனா ஃபுல் சார்ஜ்ல எட்டரை வோல்ட் கிட்ட வந்துரும். இந்தக் கால் தாங்குமோ என்னமோ. கோவம் வந்தா உப்பிக்கும். இது லித்தியத்துலயே இரும்புச் சாதி. ரெண்டு செல்லு, ஆறரை வோல்ட். கடைசி வரைக்கும் ஒரே மட்டத்துல நிக்கும்."

"கடைசிக்கு அப்புறம்?"

"சொல்லாம கொள்ளாம படுத்துரும்."

எனக்குத் தொய்கிற சாமான் பிடிக்காது. இரும்பையே எடுத்தேன். ஒரு பாட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும், ஆனாலும் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஷாஜகான். ஒன்பதிலிருந்து ஐந்துக்கு எட்டு மணி நேரம், நாலு போதும் என்றேன். அஞ்சாச்சும் எடுங்கண்ணா என்றார். நாலு என்றேன். கடைசியில் நாலுக்குப் படிந்தது. படிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. அந்த ஒரு இடத்தில் நீங்களும் நானும் ஒரே ஜாதி. அதை இங்கே நீட்டி எழுத விருப்பமில்லை.

முப்பத்தாறாம் நாள் மின்தடை வந்தது. ஆடி மாதம். காலையிலிருந்தே காற்று தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. நான் கடைக்குப் போகவில்லை. கட்டிலின் மேல் ஸ்டூல் போட்டு, சிவப்பு ஒயரைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து முதல் பாட்டரியை மாட்டினேன். மல்லிகா கீழே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். விமானம் காற்றை எதிர்த்து முக்கியது. வீடு முன்னும் பின்னும் ஆடியது. வெண்டைக்காய் உருண்டு ஓடியதையெல்லாம் அவள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

முதல் பாட்டரி பத்தரைக்குப் போயிற்று. இரண்டாவது பன்னிரண்டுக்கு. மூன்றாவது ஒன்றரை மணி. எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றும் கடைசி நொடிவரை நிமிர்ந்து நின்றுவிட்டு ஒரேயடியாகப் படுத்தது. நாலாவது மூன்று பத்துக்குப் படுத்தபோது ஐந்து மணிக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது.

கீழே கத்தி விழுகிற சத்தம் கேட்டது. மல்லிகா கொட்டாவி விட்டாள்.

"தூங்காத மல்லி. எதாச்சும் பேசு!"

"ஒண்ணுமில்லீங்... கண்ணு மட்டுந்தான்..."

இரண்டு ஒயரையும் பிடுங்கினேன். சிவப்பை வலது கையிலும் கறுப்பை இடது கையிலும் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குப் படிப்புப் பத்தாது. அறை போய்விட்டது. நான் மேலே இருந்தேன். காற்று என் இரண்டு கைகளின் மேலும் கீழும் தண்ணீர் மாதிரி ஓடியது. கீழே மலை ஒரு சப்பாத்திக் கல் மாதிரி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் கோட்டைச் சுவர் ஒரு நூல். லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாம் தீப்பெட்டி. அத்தனை லாரிக்கும் டயர் நான் போட்டிருப்பேன், ஒரு டயரும் தெரியவில்லை. கொல்லிமலையிலிருந்து ஒரு மேக நிழல் கிளம்பி, சோளக்காடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தது. பிறகு என்மேல் ஏறி, குளிர்ந்து, கடந்து போயிற்று. ஏரியில் நான் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தேன். முப்பது வருஷம் உருளுகிற சாமானோடு தரையிலேயே கிடந்திருக்கிறேன். தரையை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன். ஒரு சுற்று முழுக்க, இது இறங்காமலே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில் உங்களைப் பார்த்தேன்.

கடலைக்காட்டு ஓரத்தில் ஒரு வேலாமரம். அதன் கீழே மஞ்சள் தொப்பியோடு நிற்கிறீர்கள். முப்பத்தாறு நாள் தாடி. கழுத்தில் பட்டை போட்டு ரிமோட்டை மாட்டியிருக்கிறீர்கள். காலைச் சுற்றி நான்கைந்து ஆடு மேய்கிறது. உங்கள் இடது கை ஆள்காட்டி விரல் சக்கரச் சுவிட்சைத் தொடாமல் அதற்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. நான் தாழ்வாக வந்தேன். சுவிட்ச் மேலே பார்த்தபடி இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. நீங்கள் அதை ஒரு தடவைகூடக் கீழே தள்ளிப் பார்த்ததில்லை.

கால் சிக்கவே இல்லை. மோட்டார் சாகவில்லை. இறங்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, இறக்காமலே நிற்கிறீர்கள். உங்கள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். "இன்னும் ஒரே ஒரு சுத்து" என்றீர்கள். உங்கள் கண்ணைப் பார்த்தேன். அதில் பயம் பாதிதான். மீதி என்ன என்பது எனக்குத் தெரியும், ஒரு நிமிஷம் முன்புதான் எனக்கும் அதே வந்திருந்தது.

மேலிருந்து நான் போட்ட சத்தம் உங்களுக்கு மோட்டார் சத்தமாகக் கேட்டிருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டீர்கள்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. மல்லிகா எழுந்து என்னை ஸ்டூலிலிருந்து இறக்கினாள். மறுநாள் டாக்டரம்மா மீட்டர் வைத்தார். அவளுக்கு முப்பத்திரண்டு, எனக்கு இருபத்தெட்டு. "ரெண்டு பேருக்குமே இன்னொரு தடவை கூடாது" என்று ஒரே சீட்டில் எழுதிவிட்டார்.

"நீங்க பார்த்தீங்ளா? எப்படி இருந்துதுங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் மல்லிகா. ஏரியைச் சொன்னேன், மேக நிழலைச் சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னாள். வேலாமரத்தைச் சொல்லவில்லை.

உங்களைத் தேடி மூன்று நாள் மொபெட்டில் அலைந்தேன். அந்தக் காடு மேலிருந்து பார்த்தால்தான் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. தரையில் இறங்கிவிட்டால் எந்த ரோடும் அங்கே போவதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை நூறு பிரதி எடுத்து, ஊரை விட்டுக் கிளம்புகிற லாரிகளில் கொடுத்துவிடுகிறேன். ஏதாவது ஒரு டிரைவர் வழி தவறி, ஆட்டுப்பால் டீ கேட்டு உங்கள் பக்கம் ஒதுங்குவார். கையில் வாங்கிப் படியுங்கள். படிக்கும்போது வலது கையை ரிமோட்டின் குச்சியிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அடுத்த மின்தடை இன்றிலிருந்து இருபத்தைந்தாம் நாள். அன்று அவள் மோகனூர் போக மாட்டாள். நானும் போக மாட்டேன். இந்தத் தடவை ஆறு பாட்டரி சொல்லியிருக்கிறேன், அன்றைய காற்றுக்கு அது பத்துமா என்று ஷாஜகானுக்கே தெரியவில்லை.

இன்று காலை பால் வாங்க மல்லிகா கதவைத் திறந்தாள். வாசற்படி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக 'ர்ர்ர்' என்று மடிந்து உள்ளே போயின. எட்டு நொடி ஆயிற்று. வீடு தரையை விட்டு ஏறிவிட்டது, கதவுக்கு வெளியே இப்போது காற்றுதான் இருக்கிறது. பால்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, கயிறு விடச் சொல்லிப் பாலைக் கட்டி அனுப்பினார். படிகள் எங்கள் வீட்டுக்குள் இல்லை, தேடிவிட்டோம். கோலப்பொடியோடு யார் வீட்டுச் சீலிங்கில் தொங்குகின்றனவோ. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய மின்விசிறி மெதுவாகியிருக்கும். இந்நேரம் பேனாவை எடுத்திருப்பார்.

அவர் கடிதம் என் கைக்கு வருவதற்குள் அந்தச் சுவிட்சைக் கீழே தள்ளுங்கள். இறங்கும். நான் அதன் காலாக இருந்து பார்த்தவன், சொல்கிறேன், இறங்கும். தள்ளுங்கள் ஐயா.