பாதையின் குறுக்கே ஒரு கம்பி

மலையேறும் பாதைகளைப் பராமரிக்கும் சங்கத்தில் அவனுக்குக் கடப்பாறை என்று பெயர். நாலு பேர் சேர்ந்தும் அசையாத பாறையை ஒற்றை ஆளாக நெம்பிப் புரட்டிவிடுவான். பிழைப்புக்கு வெல்டிங் பட்டறை இருந்தாலும், மனைவி விட்டுப்போன பிறகு அவன் உயிர் முழுக்க மலைமேல்தான். சங்கத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே அக்காதான். வாரமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஞாயிறானால் தம்பியோடு மண்வெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்த மழைக்காலம் முழுக்கக் கிழக்குச் சரிவில் வேலை. மழைத்தண்ணீர் பாதையோடு ஓடி மண்ணை அரித்துவிடாமல், குறுக்கே கல் பதித்து ஓரமாகத் திருப்பிவிட வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல் அடுக்கி முடித்தார்கள். மறுவாரமே, பொழுதுபோக்காகச் சரிவில் ஓட்டுகிறவர்களின் மோட்டார் பைக்குகள் வந்து ஈர மண்ணை உழுதுவிட்டுப் போயின. கல்லெல்லாம் பெயர்ந்து கிடந்தது. திரும்ப அடுக்கினார்கள், திரும்பப் பெயர்ந்தது. போலீசில் சொன்னதற்கு, மலைக்குக் காவல் போட ஆளில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். கூட்டத்தில் அவர், "எவனாவது விழுந்து கைகால ஒடிச்சிக்கிட்டாதான் இவனுங்களுக்குப் புத்தி வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிற ஒருவன் விடுமுறை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினான். இரண்டு மரங்களுக்கு நடுவே மெல்லிய கம்பி ஒன்று கட்டியிருந்தது. அது அவன் கழுத்தை அறுத்தது. பின்னால் வந்த கூட்டாளி தூக்கிக்கொண்டு ஓடியும், அடிவாரம் சேருமுன் உயிர் போய்விட்டது.

செய்தி காதில் விழுந்ததும் தம்பியிடம் சொல்ல அக்கா பட்டறைக்குப் போனாள். அவன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் வாய் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"சக்கரத்துல மாட்டி விழட்டும்னுதான் கட்டினேன்க்கா."

"சக்கரத்துக்குக் கழுத்து உயரத்துலயாடா கட்டுவாங்க?"

கம்பி கீழே வழுக்கிக்கொண்டே இருந்தது என்றான். அதனால் கிளை பிரிகிற இடத்தில் கட்டினானாம். உண்மையா, மழுப்புகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனுக்கே தெரியுமோ என்னவோ. நீயே போய்ச் சொல்லிவிடு என்றாள். போகிறேன் என்றான், போகவில்லை.

சங்கம் அவசரமாகக் கூடியது. கம்பிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு செய்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கலையும்போது டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டார். "போனவன் திரும்பி வரப்போறதில்லம்மா. வெளிய தெரிஞ்சா சங்கத்த மூடிடுவாங்க. அப்புறம் பாதைய யார் பாக்கறது?" என்றார். ஆக, அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவேளை எல்லோருக்குமே தெரிந்திருக்கலாம்.

இறந்தவனின் மகள் அக்காவின் பேருந்தில் பள்ளிக்கு வருகிறவள். சில நாள் கழித்து அவளுடைய அம்மா கையைப் பிடித்து ஏற்றிவிட வந்தாள். "ராத்திரியெல்லாம் தூங்கல. முன்னாடி உக்காரட்டும்க்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். அக்கா தலையாட்டினாள். அன்று பள்ளி வரைக்கும் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்காமலே ஓட்டினாள்.

சாயங்காலம் பட்டறைக்குப் போய், நாளைக்குள் நீ போகாவிட்டால் நான் போவேன் என்று தம்பியிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். "நீயே போக்கா. எனக்குக் கால் வரல" என்றான்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தைக் காவல் நிலையத்துக்கு எதிரே நிறுத்தினாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். படியேறும்போது அவளுக்கு உடம்பெல்லாம் ஆடியது. போலீஸ் போனபோது தம்பி ஒரு இரும்புக் கதவுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தானாம். இன்னும் ஒரு மூலைதான் பாக்கி, முடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். விடவில்லை.

நீதிமன்றத்தில் டாக்டர் சொன்னதையும் எல்லோரும் சிரித்ததையும் அவள் சொன்னாள். "நானும் சிரிச்சேன்" என்றாள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பிக்குச் சிறை. சங்கம் பிழைத்துக்கொண்டது, அவள் பெயரை மட்டும் உறுப்பினர் பட்டியலிலிருந்து அடித்தார்கள். கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவள் என்ற பேச்சு அவள் காதுபடவே நடந்தது. இறந்தவனின் மனைவி மகளை வேறு பேருந்துக்கு மாற்றிக்கொண்டாள். அதற்காக அக்கா அவளைக் குறை சொல்லவில்லை.

மாதாமாதம் சிறைக்குப் போனாள். முதலில் தம்பி பார்க்க மறுத்தான். அவன் வரவில்லையாம் என்று காவலர் வந்து சொல்வார்; அவளும் திரும்பிவிடுவாள். இன்னொரு மழைக்காலம் முடிகிற சமயம் ஒருநாள் வந்தான். மொட்டையடித்து, இளைத்துக் கறுத்துப்போயிருந்தான்.

"அந்தக் கிளை," என்றான், "அதுக்குக் கீழயும் ஒண்ணு இருந்துச்சுக்கா."

 நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொல்லும்வரை அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.