பத்தொன்பது வீடுகள்

தன் பழைய வாக்கியத்தை அவள் முதலில் அடையாளம் கண்டது அதன் ஏகாரத்தில்தான். "பட்டியலின்படி பத்தொன்பது வீடுகளே உள்ளன" என்று மூத்த உதவியாளர் படித்தபோது, யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. அப்படி எழுதுவது அவள் வழக்கம். வீடுகள் உள்ளன என்று எழுதினால் போதாது அவளுக்கு. வீடுகளே உள்ளன என்று அழுத்தினால்தான் குறிப்பு நிமிர்ந்து நிற்கும் என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தாள்.

குடிநீர்ப் பிரிவுக்கு அவள் அதிகாரியாக வந்து ஐந்தரை மாதம் ஆகிறது. பிறவியிலேயே பார்வை இல்லை. கணினியில் இருப்பதை அது வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடும். ஆனால் பழைய கோப்புகள் எல்லாம் கையெழுத்துப் பிரதிகள். அதனால் தினமும் காலை பத்தரை மணிக்குப் பெரிய கூடத்து மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். முதல் வாரம் எல்லோரும் நெளிந்தார்கள். யார் மேஜையில் எந்த மனு எத்தனை மாதம் தூங்கியது என்பது இப்போது தேநீர் கொண்டுவருபவருக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது. "முந்தின அதிகாரிக்குக் கண்ணு இருந்துச்சு, படிக்க மாட்டாரு. அவர் கையெழுத்துப் போடுற வேகத்துக்கு மின்விசிறியே தேவைப்படாது" என்று யாரோ சொன்னது அவள் காதுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டாள். சத்தமாகப் படிப்பது அவள் வசதிக்காக வந்த ஏற்பாடு. அது அலுவலகத்தையே உலுக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

படிப்பவர் மூத்த உதவியாளர். செய்தி வாசிப்பவரைப்போல நிறுத்தி நிதானமாகப் படிப்பார். இந்த நாற்காலி தனக்குத்தான் வரும் என்று இருபத்தோரு வருடம் காத்திருந்தவர். மாற்றுத்திறனாளி ஊழியர்களைத் தலைமைப் பொறுப்புக்குத் தயார் செய்ய அரசு ஒரு பயிற்சி தொடங்கியது. பல துறைகளிலிருந்து எட்டுப் பேரை எடுத்தார்கள். அதில் முதலில் பதவி கிடைத்தது இவளுக்கு, அதுவும் ஆறு மாதச் சோதனைக் காலம். வெள்ளிக்கிழமை ஆணையர் முன்னால் அதற்கான மதிப்பாய்வு.

"விதிப்படி இருபத்தைந்து வீடுகள் இல்லாததால் பொதுக் குழாய் கோரும் மனுவை நிராகரிக்கலாம்" என்று படித்த குரல் அதோடு நின்றது. தாள் புரளும் சத்தம். மறுபடி புரளும் சத்தம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இன்னிக்கு இது போதும் மேடம்" என்றார் தணிந்த குரலில்.

"படிங்க சார்."

"பட்டியலோட பின்பக்கத்துலயும் பேரு இருக்கு."

"எத்தனை?"

அவர் எண்ணும்வரை கூடத்தில் தட்டச்சுச் சத்தமும் நின்றிருந்தது. "இருபத்திரெண்டு."

ஆக நாற்பத்தொன்று. மேட்டுத் தெருவிலிருந்து ஒரு தையல்காரப் பெண் ஒன்பது வருடத்துக்கு முன் கொடுத்த மனு அது. இப்போது அதே பெண் மறுபடி எழுதியிருக்கிறாள். அதனால்தான் பழைய தாள்கள் மேலே வந்தன.

அன்று நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது அவள் உதவியாளர். தாள்களைப் படித்துக் காட்ட யாரையாவது கெஞ்ச வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் பல்லுக்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே அந்தப் பட்டியலைப் படித்தார். 'அவ்வளவுதானா, வேறு ஏதும் இருக்கா' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு தடவை என்று ஒருவரிடம் சொல்வதைப்போல அவளுக்குக் கஷ்டமானது வேறொன்றும் அந்த நாட்களில் இல்லை. தன்னால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒரு தெருவையே விட்டுவிட்டாள்.

மூத்த உதவியாளர் அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "புது மனுவ மட்டும் வச்சுப் புதுக் கோப்பா ஆரம்பிச்சிடலாம் மேடம். பழச இணைக்கணும்னு கட்டாயம் இல்ல. கூடத்துல கேட்டவங்களுக்கு யார் எழுதின குறிப்புன்னு தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே."

"நான் சொல்ல மாட்டேன்."

அது பெருந்தன்மையா, பிடித்துக்கொள்ள ஒரு குடுமியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முகம் பார்க்க முடிந்தவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

மாலையில், பயிற்சிக்குக் கருவூலத் துறையிலிருந்து வந்திருந்த அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தவர். அன்று சிரிக்கவில்லை.

"இங்க பாரும்மா, மத்தவங்க தப்புப் பண்ணா அவன் தப்புப் பண்ணான்னு சொல்வாங்க. நீ பண்ணா நாங்க எட்டு பேரும் பண்ணதா ஆயிடும். வெள்ளிக்கிழமை தாண்டட்டும். அப்புறம் குழாய் போடு, யாரு வேணாங்கறா?"

"போட்டுடலாம்ணே. ஆனா அந்தப் பொம்பளைக்கு மனு ஏன் தள்ளுபடியாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவ தெருவையே யாரோ வேணும்னு ஒதுக்கினதா நினைச்சிட்டிருப்பா."

 "உன் இடத்துல நான் இருந்தா செய்ய மாட்டேன். அதையும் உண்மையாச் சொல்லிடறேன்" என்றார்.

இரவு அவள் கணவரிடமும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட சொல்ற" என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான்.

மறுநாள் கூடத்து மேஜையிலேயே உட்கார்ந்து குறிப்பைச் சொல்லச் சொல்ல, மூத்த உதவியாளர் தட்டச்சு செய்தார். "முந்தைய குறிப்பை எழுதியவள் நான். பட்டியலின் மறுபக்கத்தைக் கேட்டு அறியாமல் எழுதினேன். அது தவறு. நேரில் ஆய்வு செய்து புதிய அறிக்கை அளிக்கிறேன்."

விசை ஓசை நின்றது. "இப்படியே போடவா?"

"போடுங்க."

"இது ஆணையர் மேஜைக்குப் போனா வெள்ளிக்கிழமை இந்த நாற்காலிக்கு என் பேரு வரலாம் மேடம். உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"தெரியும். வந்தா நீங்களும் கோப்பக் கூடத்துலயே சத்தமா படிக்கச் சொல்லுங்க."

அவர் அச்செடுத்துக் கொடுத்தார். தாளில் கையெழுத்திட வேண்டிய இடத்தில், கோடு தவறாமல் எழுத அவள் வைத்திருக்கும் அட்டைச் சட்டத்தை வைத்து, அவள் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். அதை அவர் செய்தது அதுதான் முதல் தடவை. புதன்கிழமை ஆணையரிடமிருந்து ஒரு வரி வந்தது: ஆய்வு செய்யவும், விளக்கத்தை வெள்ளியன்று நேரில் தெரிவிக்கவும். அந்த வரியை அவர் இரண்டு முறை படித்தும் அதில் கோபம் இருக்கிறதா என்று இருவருக்கும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை இருவரும் மேட்டுத் தெருவுக்குப் போனார்கள். பெயருக்கேற்ற மேடு. தையல் இயந்திரத்தின் சத்தம் வந்த வீட்டுமுன் நின்று, அவள் தான் யார் என்பதையும் தான் செய்ததையும் சொன்னாள். இயந்திரம் நின்றது.

"நீங்கதானா அது?"

"ஆமா. மன்னிச்சுக்கங்க."

"மன்னிச்சு நான் என்னக்கா பண்ண? கீழேருந்து குடம் சுமந்து சுமந்து தோள்பட்டை போச்சு. இனிமே தூக்காதன்னு டாக்டர் சொல்லிட்டார். தூக்காம யாரு குடிக்கறது?" குரல் உயரவில்லை. "எப்ப குழாய் வரும், அத சொல்லுங்க."

"தேதி சொல்ல முடியாது. இன்னிக்கு வீடுகள எண்ணிட்டுப் போறேன்."

"அன்னிக்கே வந்து எண்ணியிருக்கலாமே."

  செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. "வலது பக்கம் சாக்கடை. இப்படி வாங்க" என்று அந்தப் பெண் முன்னால் நடந்தாள்.

மூத்த உதவியாளர் நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம் என்றார். அவள் ஒவ்வொரு கதவையும் தொட்டு எண்ணினாள். தகரம், மரம், மறுபடி தகரம், வெயிலில் சுட்ட இரும்பு. ஓரிடத்தில் கைக்குத் துணிதான் அகப்பட்டது.

"இத எப்படி எழுதறது? கதவே இல்லையே" என்றார் அவர்.

"ஆள் இருக்காங்களா?"

"அஞ்சு பேர்" என்றாள் தையல்காரி.

"அப்ப வீடுன்னு எழுதுங்க."

எண்ணிக்கை இருபத்தாறைத் தொட்டபோது அவர் மூச்சு வாங்கியபடி, "விதிக்கு இது போதும் மேடம். இறங்கிடலாம்" என்றார். மேலே தெரு இன்னும் செங்குத்தாகப் போவதைக் கைத்தடியின் நுனி சொன்னது.  வெள்ளிக்கிழமையை நினைத்தாள். ஆணையர் என்ன கேட்பார் என்பதைவிட, கருவூல அண்ணன் என்ன செய்தி கேட்கப் போகிறார் என்பதுதான் அவளை உறுத்தியது.

"நீங்க வேணா உக்காருங்க சார். எண்ணிக்கையச் சொல்றேன், குறிச்சுக்கங்க."

அவர் உட்காரவில்லை. பின்னால் அவர் காலடி தொடர்ந்து வந்தது. அடுத்த கதவுக்காக அவள் கையை நீட்டினாள். அதற்குள் உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். விரித்த உள்ளங்கை அந்தரத்தில் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து குளிர்ந்த இருட்டின் காற்று அதில் பட்டது.

"யாரு? யாரு வேணும்?" என்று ஒரு குரல் கேட்டது.