ஒரு செகண்டில் சிக்கும் ஷட்டர்

சிர்கெஜி ஸ்டேஷனுக்கு எதிரே கேமராக் கடைகள் இருக்கும் கட்டடத்தில் மாடிப்படி ஏறியதும் இரண்டாவது கடை என்னுடையது. பழைய கேமராக்களையும் லென்ஸுகளையும் வாங்கி விற்கிறேன். சிலர் தங்கள் பொருளை என்னிடம் வைத்துவிட்டுப் போவார்கள். விற்றதும் ஃபோன் செய்வேன். ரிஃப்கி அண்ணன் மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. நவம்பர் மாதம் ஒரு நாள் லென்ஸை என் கண்ணாடி அலமாரியில் வைத்தார். பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து தினமும் வந்தார்.

உள்ளங்கை அளவு ஃபிலிமைத் தனித்தனித் தாளாகப் போட்டு எடுக்கும் பெரிய கேமராவுக்கான ஜெர்மன் லென்ஸ் அது. அந்த வகையில் ஷட்டர் கேமராவில் இருக்காது. லென்ஸின் நடுவிலேயே இருக்கும். ஷட்டர் போனால் மிச்சமிருப்பது நல்ல கண்ணாடி மட்டும்தான். ரிஃப்கி அண்ணன் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடம் அந்த லென்ஸோடு பாஸ்பரஸ் ஜலசந்திக் கரையெல்லாம் அலைந்தவர்.

புர்சாவிலிருந்து ஒரு பல் டாக்டர் அதை வாங்க வந்தார். முக்காலியிலிருந்து ரிஃப்கி அண்ணன், யாரோ வழிப்போக்கர் மாதிரி, "உள்ளே பூஞ்சை இருக்கும்போல" என்றார். டாக்டர் போய்விட்டார். அடுத்து வந்த கல்லூரி வாத்தியாரிடம், "இது ஒரு தடவை கடல்ல விழுந்து எடுத்தது, எனக்குத் தெரியும்" என்றார். வாத்தியாரும் போய்விட்டார்.

"அண்ணே, விக்க வெச்சிருக்கீங்களா, காவல் காக்க வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"வாங்குறவனுக்கு விஷயம் தெரியணும் வெதாத். நாளைக்கு உன் பேருதான் கெடும்" என்று சொல்லிவிட்டு என் டீயைக் குடித்தார்.

ஜனவரியில் பெர்ரின் வந்தாள். இடிந்துகொண்டிருக்கும் மர வீடுகளை, பழுது பார்ப்பதற்கு முன் படமெடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. வந்ததும் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். இவள் லேசில் போகமாட்டாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் சின்ன டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் கண்ணை வைத்துப் பார்த்தாள். பூஞ்சை இல்லை. ஷட்டர் இதழ்களைச் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பசை இல்லை.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதே மா" என்று ரிஃப்கி அண்ணன் ஆரம்பித்தார். "அதுல மெதுவான வேகமெல்லாம் போச்சு. ஒரு செகண்ட், அரை செகண்ட், எதுவும் தேறாது. ஷட்டர் இருமுது."

பெர்ரின் வேக வளையத்தை ஒரு செகண்டுக்குத் திருப்பினாள். சின்ன நெம்புகோலை இழுத்து முறுக்கி, ஷட்டரை விட்டாள். உள்ளே பல்சக்கரம் ஒரே சீராக முனகி ஓடி, 'டக்' என்று மூடியது.

"இது இருமலையே ஐயா. உங்களுக்குத்தான் தொண்டை சரியில்லைன்னு நினைக்கிறேன். லிண்டன் பூ டீ குடிங்க."

பிறகு ஃபோனை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை விட்டுச் சத்தத்தைப் பதிவு செய்தாள். திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று திரையில் அளந்தாள். ஒரு செகண்ட், ஒரு செகண்டாகவே இருந்தது. அரையும் காலும் அப்படியே. மேல் வேகங்களில் கொஞ்சம் சோம்பல் தெரிந்தது. அந்த வயதில் எல்லா ஷட்டருக்கும் அது உண்டு.

ரிஃப்கி அண்ணன் எட்டிப் பார்த்தார். முகத்தில் பெருமை வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "ஃபோனை நம்பாதே" என்றார்.

"நம்பலை. அதனாலதான் கேக்கறேன்" என்று பெர்ரின் என் பக்கம் திரும்பினாள். "வெதாத் அண்ணே, இன்னைக்குக் காலையில யாராவது இதை ஓட்டிப் பாத்தீங்களா?"

நான் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். ரிஃப்கி அண்ணன் தினமும் வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து, குழந்தைக்குக் கை கால் பிடித்துவிடுவதுபோல, எல்லா வேகத்திலும் இருபது முறையாவது ஓட்டுவார். எப்படிச் சொல்ல?

"ஓட்டியிருந்தா மசகு இளகியிருக்கும். எந்தக் கிழட்டு ஷட்டரும் அப்ப நல்ல பிள்ளையா நடிக்கும்" என்றாள். "கொஞ்ச நேரம் குளிர்ல ஆறட்டும். என் வேலையெல்லாம் கூரை இல்லாத வீட்டுலதான்."

லென்ஸை ஒரு துணிப் பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே உள்ள விளிம்பில் வைத்தாள். வெளியே கடல் காற்று முகத்தை அறுத்துக்கொண்டிருந்தது. நான் மூன்று டீ வரவழைத்தேன். இரண்டுதான் குடிக்கப்பட்டது. ரிஃப்கி அண்ணன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"பூனை தள்ளிடும்" என்றார்.

"பூனை அங்க இல்லை ஐயா."

"வரும். இந்தக் கட்டடத்துல பதினோரு பூனை இருக்கு."

"யாரோட லென்ஸோ. உங்களுக்கு என்ன கவலை?"

"மனுஷனுக்கு இரக்கம் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி வெளியே பார்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து பெர்ரின் லென்ஸை எடுத்தாள். ஒரு செகண்டுக்கு வைத்து ஷட்டரை விட்டாள். இதழ்கள் திறந்தன. முனகல் வரவில்லை. திறந்தபடியே நின்றன. மனதுக்குள் நாலு வரை எண்ணினேன். அதற்கப்புறம்தான் தூக்கம் கலைந்ததுபோல் மெல்ல மூடிக்கொண்டன. இரண்டாவது தடவை இரண்டு செகண்ட் ஆனது. ஐந்தாவது தடவையில் பழையபடி நல்ல பிள்ளையாகிவிட்டது.

"பாத்தீங்களா? நீங்க சொன்னது சரிதான் ஐயா. மெதுவான வேகம் சிக்குது."

ரிஃப்கி அண்ணனின் காது சிவந்தது. "உனக்கு நெம்புகோலை ஒழுங்கா இழுக்கத் தெரியலை. இருபத்தாறு வருஷத்துல இது ஒரு தடவை சிக்கினதில்லை. பனியில நின்னிருக்கேன், கருங்கடல் மழையில நின்னிருக்கேன். சிக்குதாம்."

பெர்ரின் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓ" என்றாள் அவள். "அப்ப கடல்ல விழுந்துச்சுன்னு கீழ்க்கடையில சொன்னாங்களே, அந்தக் கதையெல்லாம்?"

"அது வாத்தியாருக்குச் சொன்னது. உனக்குச் சொல்லலையே" என்று அவர் முனகினார்.

அவள் முக்காலிக்கு எதிரில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். "விக்க மனசில்லைன்னா ஏன் வெச்சீங்க?"

அவர் சொன்னார். எனக்கே அன்றுதான் தெரிந்தது. அக்டோபரில் கல்யாண நாளுக்காக மனைவி நெஸாஹத்தைக் கருங்கடல் கரையில் இருக்கும் அமாஸ்ராவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே கோட்டைச் சுவரில் வெயில் விழும் நேரத்துக்காகக் காத்திருந்தபோது தூறல் போட்டது. கேமரா நனையாமல் இருக்க நெஸாஹத் அண்ணி ஒன்றே முக்கால் மணி நேரம் குடை பிடித்து நின்றிருக்கிறார். படத்தைக் கழுவிக் காட்டியபோது, "கோட்டை இருக்கு, படகு இருக்கு, கடல் காக்கா கூட இருக்கு. என் குடை நுனியாவது விழுந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாராம். பேச்சு முற்றியது. "வித்துடறேன், நிம்மதியா இரு" என்று இவர் கத்த, "வித்துடுங்க" என்று அவர் அமைதியாகச் சொல்லிவிட்டார். கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம் என்றார் ரிஃப்கி அண்ணன்.

"சரி" என்று பெர்ரின் எழுந்தாள். "இந்தச் சிக்கல் சுத்தம் பண்ணா போயிடும். பண்ணி வையுங்க, நான் வாங்கிக்கறேன். ஆனா கண்ணாடி படத்தை எப்படி வரையுதுன்னு எனக்கு ஒரு படம் வேணும். ஒரு செகண்ட்ல எடுக்கணும், ஆள் முகம் இருக்கணும்."

"யாரு ஒரு செகண்ட் அசையாம உக்காருவா?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம் குடை பிடிச்சவங்க ஒரு செகண்ட் உக்கார மாட்டாங்களா?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மேல் மாடியில் இருக்கும் மெக்கானிக் ஷட்டரைக் கழற்றிக் கழுவி, ஒன்பது நாளில் கொடுத்தார். ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு செகண்ட் சொன்னபடி கேட்டது. ரிஃப்கி அண்ணன் அதைப் படகில் குஸ்குன்ஜுக்கில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். வியாழக்கிழமை திரும்பக் கொண்டுவந்தார். படத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டியிருந்தார்.

"அண்ணி பாத்தாங்களா?"

"பாத்தா. படத்தை எடுத்துக்கிட்டுப் போய் சமையலறையில நின்னா. இது ரெண்டாவது பிரதி" என்றார். லென்ஸை அலமாரியில் வைத்துவிட்டு, உட்காராமல் போய்விட்டார். அந்த முக்காலி காலியாக இருந்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு அம்மாள் கீரைப் பையோடு உள்ளே வந்தார். பின்னலாடைக்கு மேல் கோட்டு. மூச்சு வாங்கியது. "வெதாத்தா? நான் நெஸாஹத். அவரோட லென்ஸ் எங்கே?"

காட்டினேன். அதை எடுத்து ஒரு துண்டில் சுற்றிக் கீரைக்கு நடுவில் வைத்தார்.

"அண்ணி, அதுக்கு ஆள் இருக்கு."

"அந்தப் பொண்ணு கிட்ட நான் பேசிட்டேன். படம் எடுக்கும்போதே அவ பேரை இவர் சொல்லிட்டாரு, அவ குடுத்த நம்பரையும் உளறிட்டாரு. அவளும் லென்ஸை விட்டுக் கொடுத்துட்டா." படியருகே திரும்பினார். "அவர் கேட்டா வித்துப் போச்சுன்னு சொல்லு. ஒரு நாளாவது தவிக்கட்டும். அமாஸ்ராவில எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டது மூணு நாள்."

சனிக்கிழமை கடை திறக்கும்போதே ரிஃப்கி அண்ணன் படியில் நின்றிருந்தார். காலி அலமாரியைப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு அண்ணே. நல்ல கையில."

"எப்படிப்பட்ட ஆளு?"

"கண்டிப்பான ஆளு. பத்திரமா வெச்சுக்குவாங்க."

அவர் தலையாட்டினார். தொண்டையைச் செருமினார். "அந்த வேக வளையம் கால் செகண்டுல கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பலமா திருப்பக் கூடாது. நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அட்ரஸ் குடு."

எழுதிக் கொடுத்தேன். குஸ்குன்ஜுக், பேக்கரித் தெரு, பதினேழாம் எண், மூன்றாவது மாடி. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார், முப்பத்தொரு வருடமாக அந்தப் படகிலேயே போய்வருகிற மனிதர்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு அண்ணே."

பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கீழ்ப்படியில் இருந்தார்.