இருபது ஃப்ரேம் ஜாடை

ஆட்களைக் கொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் கேமில்தான். முகப்பேரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஆறு பேர், மூன்று வருஷமாக ஒரே கேம். வாளும் கொஞ்சம் மந்திரமும் தெரிந்த ஒருத்தி பூமிக்கு அடியில் பதினோரு தளம் இறங்கிப் போகிறாள். எந்த மூலையில் எந்தப் பூதம் நிற்கும், எத்தனை அடியில் அது சாகும், எந்தக் கல்லை மிதித்தால் கூரை இறங்கும் என்பதெல்லாம் என் பொறுப்பு. 'கவிப்பிரியான்னு பேரை வச்சிக்கினு செய்யற வேலையைப் பாரு' என்று ஜீவா கேலி செய்வான். அவன் பூதங்களை வரைகிறவன். அவனுக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாரையும் அநியாயமாகச் சாகடிக்க மாட்டேன். பூதம் கதாயுதத்தை வீசுவதற்கு முன்னால் தோளைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கும். கூரை விழுவதற்கு முன்னால் மண் உதிரும். அடி வரப்போகிறது என்று காட்டிக்கொடுக்கும் இந்த அடையாளத்துக்கு ஆபீஸில் நாங்கள் வைத்த பெயர் ஜாடை. ஒரு விநாடியை முப்பது படமாக வெட்டி வைத்திருப்போம். ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். ஜாடைக்கும் அடிக்கும் நடுவே இருபது ஃப்ரேம் விட்டால் சுமாரான ஆள்கூடத் தப்பிவிடுவான். பத்து விட்டால் பாதிப் பேர் காலி. ஆறு விட்டால் அது விளையாட்டே இல்லை, கொலை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தப்பித்தவனிடம் போய் எப்படித் தப்பித்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. 'சும்மா, தோணிச்சு' என்பான். அவன் கண்ணும் காதும் கற்றுக்கொண்டிருக்கும், அவனுக்குத் தெரிந்திருக்காது.

பதினோராவது தளத்தில் ஒரு நீளமான நடைவழி. அதன் கூரை முழுக்க இரும்பு. அது விட்டு விட்டு இறங்கித் தரையில் அறையும். அந்தச் சத்தத்துக்காக நெட்டில் கிடைக்கும் எல்லா டமாரையும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றைக் கேட்டும் எனக்குப் பயம் வரவில்லை. அப்போதுதான் கண்ணம்மா அக்காவின் நினைவு வந்தது.

கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குக் கீழ் போர்ஷனில் இருக்கிறாள் அக்கா. பதினாறு வருஷமாக அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டில் பவர் பிரஸ் ஓட்டுகிறாள். தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலே நிற்கும் இரும்புப் பாளம் இறங்கி ஒரே அறையில் தகட்டை வெட்டிவிட்டு மேலே போய் நின்றுகொள்ளும். ஒரு மிதிக்கு ஒரு அடி. வெட்டின துண்டைக் கையாலேயே எடுத்துவிட்டு அடுத்த தகடு. அந்த ஷெட்டில் வேலை பார்ப்பவர்களில் பத்து விரலும் முழுசாக இருப்பது அக்காவுக்கு மட்டும்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தெருவில் யாருக்காவது மருதாணி வைத்தால் முதல் ஆளாகக் கையை நீட்டுவாள்.

புதன்கிழமை காலையில் மைக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலாளி தட்சிணாமூர்த்தி நல்ல மாதிரி. நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், 'கேம்ல நம்ம கம்பெனி பேரு வருமாம்மா?' என்று கேட்டார். அக்கா ஓட்ட ஓட்ட நான் இருபத்தைந்து நிமிஷம் பதிவு செய்தேன். கூடவே, கை எப்படிப் போய் வருகிறது என்பது ஜீவாவுக்கு வரைய உதவும் என்று போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோவும் எடுத்தேன்.

சத்தம் பிரமாதம். ஒரே ஒரு தொல்லை. பாளம் ஏறி இறங்கும்போது பக்கத்தில் எங்கேயோ உரசி 'கீச்' என்றது. சில சமயம் நீளமாகக் 'கீஈஈச்' என்று இழுத்தது. பாதாளத்தில் நடக்கும் பயங்கரத்துக்கு நடுவே இப்படிக் கதவுக் கீல் மாதிரிச் சத்தம் வந்தால் சிரிப்புத்தான் வரும். அக்கா டீ குடிக்க வெளியே போயிருந்த நேரத்தில் முதலாளியிடம் கேட்டேன்.

"சார், இந்தக் கீச்சு மட்டும் வராம பண்ண முடியுமா?"

"அது இன்னா பெரிய விசயம்? நாலு சொட்டு ஆயில் வுட்டா ஆச்சு" என்று அவரே எண்ணெய்க் குவளையை எடுத்து வந்து ஊற்றினார். அக்கா வந்து உட்கார்ந்தாள். இன்னும் பத்து நிமிஷம் பதிவு செய்தேன். சுத்தமான சத்தம். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ஏதோ சாதித்துவிட்டவள் போல ஆபீஸ் வந்து சேர்ந்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்ட உட்கார்ந்தேன். சத்தத்தைத் திரையில் விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் ஒரு குத்துக்கோடாகத் தெரியும். பெடல் மிதிபடும் 'டக்', பிறகு அடி. டக், அடி. டக், அடி. அப்படியே போய்க்கொண்டிருந்ததில் ஓரிடத்தில் டக், அடி, அடி. ஒரு மிதிக்கு இரண்டு அடி. என் காதில் கோளாறு என்று திரும்பக் கேட்டேன். கோளாறு காதில் இல்லை. இரண்டாவது அடியை யாரும் மிதிக்கவில்லை. மேலே போய் நிற்க வேண்டிய பாளம் நிற்காமல் தானாகத் திரும்ப இறங்கியிருக்கிறது. இருபத்தைந்து நிமிஷத்தில் இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் அதற்குச் சற்று முன்னால் அந்த நீளக் கீச்சு.

வீடியோவை எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன். அக்காவின் கை உள்ளே போகிறது. நீளக் கீச்சு. கை வெளியே வந்துவிடுகிறது. சரியாக இருபது ஃப்ரேம் கழித்துப் பாளம் இறங்குகிறது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை, பக்கத்து மிஷின் கோமளாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். மூன்று தடவையும் அதேதான்.

பிறகு, எண்ணெய் விட்டதற்கு அப்புறம் எடுத்ததைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு தடவை. கீச்சு இல்லை. கை உள்ளே இருக்கிறது. தகடு கொஞ்சம் கோணலாக விழுந்ததில் அக்கா 'ச்சே' என்று அதைப் பிடுங்கிப் போடுகிறாள். கை வெளியே வந்த ஆறாவது ஃப்ரேமில் பாளம் இறங்கியிருக்கிறது. அவளும் கவனிக்கவில்லை, எதிரே நின்ற நானும் கவனிக்கவில்லை.

அந்தப் பிரஸ்ஸுக்கு ஒரு ஜாடை இருந்தது. அதை நான்தான் எண்ணெய் விட்டு நிறுத்தினேன். என் பிடிவாதத்தைத் தூக்கிக் குப்பையில் போட.

மணி ஒன்று இருபது. ஒன்றரைக்குச் சாப்பாட்டு வேளை முடிந்து மிஷின் ஓட ஆரம்பிக்கும். அக்காவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரைக்கும் எல்லாருடைய போனும் வாசலில் ஒரு டப்பாவில் கிடக்கும். முதலாளியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "எங்க போற?" என்று ஜீவா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இறங்கி ஓடினேன்.

முகப்பேரிலிருந்து எஸ்டேட் ஒன்றும் தூரமில்லை, பத்து நிமிஷம். அன்றைக்கு ஒரு டிரெய்லர் லாரி ஏதோ கம்பெனி கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு ரோட்டை முழுசாக அடைத்திருந்தது. ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு நின்றேன். ஒன்று முப்பத்தொன்று. ஒன்று முப்பத்துநான்கு. மருதாணி வைத்த அந்தக் கைகள் கண் முன்னால் வந்து வந்து போயின. ஹாரன் அடித்தேன், திட்டினேன், கடைசியில் அழுதே விட்டேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் "இன்னாம்மா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு, இறங்கிப் போய் லாரியைத் தட்டி நிறுத்தி எனக்கு ஒரு சந்து ஏற்படுத்திக் கொடுத்தார்.

ஷெட்டுக்குள் நுழையும்போதே டக், டம் என்று கேட்டது. ஓடிப்போய்க் கூப்பிட நினைத்து, அப்படியே நின்றுவிட்டேன். கூப்பிட்டால் அக்கா திரும்புவாள். திரும்பும்போது கை எங்கே இருக்கும்? பின்னாலிருந்து தொட்டால் இன்னும் மோசம். மெயின் சுவிட்சை அணைத்தாலும் பாளத்தை இறக்கும் அந்தப் பெரிய சக்கரம் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று காலையில் அக்காவேதான் சொல்லியிருந்தாள். மெதுவாகச் சுற்றி வந்து அவளுக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

அக்கா பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இடது கையைத் தூக்கி ஆட்டினாள். வலது கை உள்ளே இருந்தது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே என் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். அக்கா ஒரு கணம் முழித்தாள். பிறகு கிண்டலாக அவளும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இன்னா பாப்பா, போலீசு கீலீசு வந்துட்ச்சா?"

பாய்ந்துபோய் அந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அவளை ஸ்டூலிலிருந்து இழுத்தே விட்டேன். விரல்களை எண்ணினேன். பத்து இருந்தன. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

போனில் வீடியோவைக் காட்டினேன். கீச்சு வரும் இடத்தில் நிறுத்தி, கை வருவதைக் காட்டி, பாளம் இறங்குவதைக் காட்டினேன். பிறகு எண்ணெய் விட்ட பிறகு எடுத்ததைக் காட்டினேன். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"இந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்லயே பாப்பா" என்றாள்.

"கேட்டுக்கினுதான்கா இருந்திருக்க. உனக்குத் தெரியல."

"அது டபுள் அடிக்கறது தெரியும். ரெண்டு மூணு மாசமா அப்டித்தான் கீது. ஆனா கை தன்னால வெளிய வந்துடும். ஆத்தாதான் இழுத்து வுடுறான்னு நெனச்சிகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் குத்திக்கொண்டே வந்த முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மாதிரிதானே.

"பழைய பிரஸ்ஸும்மா. எப்பனா ஒரு தபா ஒதைக்கும். மெக்கானிக் சனிக்கெழம வர்றான். அஞ்சு மணிக்கு லோடு வண்டி வந்துடும், இப்ப நிறுத்த முடியாது. அந்தச் சத்தம்தான வேணும்? ஆயில தொடச்சிட்டா வந்துடப் போவுது" என்றவர், துணியை மண்ணெண்ணெயில் நனைத்து உரசும் இடத்தைத் துடைத்தார். காலையில் எண்ணெய் விட்ட அதே சிரத்தை. பெடலை நாலு தடவை மிதித்தார். கீச். "ஆங், வந்துட்ச்சி பாரு!"

"சார், வெளையாடறீங்களா? ரிப்பேர் பண்ற வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது. மீறினா நான் புகார் குடுப்பேன்" என்று கத்தினேன்.

அதற்குப் பதிலை அக்காதான் சொன்னாள்.

"நீ குடுப்ப. அவுரு ஷட்டர இழுத்து மூடிகினு பூடுவாரு. இந்த வயசுல என்ன எவன் பாப்பா வேலைக்கு வச்சிப்பான்? மூணு நாளுதான, நான் பாத்துக்கறேன். நீ ஊட்டுக்குப் போ."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் போகவில்லை.

டக், கீச், டம். டக், கீச், டம். காலையில் பார்த்த அக்கா இல்லை இவள். காலையில் பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் கை உள்ளே போவதற்கு முன்னால் தயங்கியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். தோள் இரண்டும் விறைத்திருந்தன. கோமளா ஏதோ கேட்டாள், அக்கா பதில் சொல்லவில்லை.

இருபது நிமிஷம் இருக்கும். அந்த நீளக் கீச்சு வந்தது. அக்காவின் கை வெளியே வந்தது. பாளம் இறங்கியது. முதலாளி என்னைப் பார்த்து, 'பாத்தியா?' என்பது போலத் தலையாட்டினார்.

மூன்று வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு ஃப்ரேம் கணக்கு தப்பாது. கை வெளியே வந்ததற்கும் பாளம் இறங்கியதற்கும் நடுவே இருபது இல்லை. பத்து இருந்தால் அதிகம். கேட்டது நீளக் கீச்சுதானா என்று அவள் யோசித்த பிறகுதான் கையை எடுத்திருக்கிறாள். இதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்கக் கற்றுக்கொடுத்தது நான். மறுபடியும் அந்தக் கை உள்ளே போனது.

"அக்கா..." என்றேன்.

"பேசாத பாப்பா" என்றாள் அவள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "எனக்குச் சத்தம் கேக்கணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.