வெள்ளைத் துண்டுச் சோதனை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவர் நெவில். எழுதிவைத்தவன் நான்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘சார்ல்வில் ஊருக்கு மேற்கே, அந்தி வெயிலில், செம்மண் சாலையில் மூன்று வண்டிகள் சிங்கங்களைப் போல—’

அடித்துவிட்டேன். அப்போது காலை பதினொரு மணி. வண்டி விளம்பரத்தில்தான் எப்போதும் அந்தி.

(வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைச் செய்கிறவர்களுக்கு வக்கீல்கள் உண்டு.)

2

எங்கள் வண்டிக்காரர் கிளப்பில் எல்லோரிடமும் ஒரே மாடல் வண்டிதான். ரகம் மட்டும் மூன்று. அடிப்படை ரகத்தில் ரப்பர் தரை; குழாயைத் திறந்து கழுவிவிடலாம். நடு ரகத்தில் தரைவிரிப்பு. உச்ச ரகத்தில் கழுவ முடியாத வெள்ளைத் தோல் இருக்கைகள்; கதவைத் திறந்தால் கழுகின் உருவத்தை மண்ணில் பாய்ச்சும் ஒரு விளக்கு. மூன்றுக்கும் பின்கதவு ஒன்றே, அதைச் சுற்றிய ரப்பர் பட்டையும் ஒன்றே என்பது என் எண்ணம். இதை உச்ச ரகக்காரர்களிடம் சொன்னால் அவர்கள் வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, வண்டியின் பின்பகுதியில் துவைத்த வெள்ளைத் துண்டை விரித்து, மண்சாலையில் நாற்பது கிலோமீட்டர் குலுங்கக் குலுங்க ஓட்டுவோம். பிறகு துண்டுகளை பானெட் மேல் வரிசையாகப் போட்டு, எதில் புழுதி குறைவு என்று பார்ப்போம். தீர்ப்பைச் செய்திமடலில் எழுதுவது செயலாளரான என் வேலை. அதிகம் பேசாதவன் நியாயமானவனாக இருப்பான் என்று நம்பி எனக்கு அதைக் கொடுத்திருந்தார்கள்.

3

அடிப்படை ரகம் வைத்திருக்கும் டாரலின் துண்டு செங்கல் நிறம். என்னுடையது தேநீர் நிறம். நெவிலுடையது பால் வெள்ளை.

அவர் அதைப் பக்கக் கதவு வழியாகத்தான் எடுத்தார். “பின்கதவு புதுசாச்சே, கொஞ்சம் இறுக்கமா இருக்கு,” என்றார். யாரும் சந்தேகப்படவில்லை. எங்களுக்கு இறுக்கம் என்றால் தரம்.

“என்னப்பா இது, ஆஸ்பத்திரித் துண்டு மாதிரி இருக்கு,” என்றார் டாரல்.

“அதான் உச்ச ரகம். நீ உன் ரப்பர் தரையைக் கட்டிக்கிட்டு அழு.”

“அழுதாலும் கழுவிக்கலாம்ல. உன் சீட்டுல உக்காந்து குழம்பு ஒழுகுற மட்டன் பை ஒண்ணு தின்ன முடியுமா?”

வண்டி வாங்கும் முன் சோதனையைப் பார்க்க வந்திருந்த ரேலீன் சிரிக்கவில்லை. அவள் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் குழுக்களுக்குச் சமைப்பவள். பண்ணைக்குப் பண்ணை மண்சாலையிலேயே போகிறவள். இன்னொரு பருவம் புழுதியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் தாங்காது, வேலையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். துண்டைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

“நெவில், நிஜமாவே உள்ள ஒண்ணும் வராதா?”

“ஒரு பொட்டு வராது.”

“அப்ப டாக்டர் கிடக்குறார். திங்கக்கிழமை பத்து மணிக்கு ஷோரூம்ல இந்த ரகத்துக்கே கையெழுத்துப் போட்டுடுறேன்.”

4

நெவிலை எப்படி எழுதுவது? கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒரு மீசைகூட வைத்தேன். பொருந்தவில்லை.

நடந்தது இதுதான். மற்றவர்கள் போன பிறகு, அறுபத்தெட்டு வயது மனிதர் வெள்ளைத் தோல் இருக்கைகளின் மேல் தவழ்ந்துபோய், பின்கதவின் இடுக்கெல்லாம் உள்ளிருந்து ஒட்டியிருந்த பெயிண்டர் டேப்பை உரித்துக்கொண்டிருந்தார்.

“பார்த்துட்டியா?”

அவர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“இந்த ரகத்தை எல்லாரும் வேண்டாம்னாங்க, கேக்காம வாங்கினேன்பா. டாரல் முன்னாடி அந்தப் புழுதியை எப்படி விரிக்கிறது?”

“ரேலீன்?”

“அவகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ டேப்பைப் பத்தி எழுதிடாத.”

எழுதவில்லை. ‘உச்ச ரகம்: மாசற்றது’ என்று எழுதினேன். செய்திமடல் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

5

முடிவுகளை யோசித்தேன்.

நெவில் தானே சொல்லிவிடுகிறார். (இல்லை. சனிக்கிழமை ஹார்டுவேர் கடை வாசலில், ரொட்டியில் சாசேஜும் வெங்காயமும் வைத்துத் தின்றுகொண்டே, கழுகு விளக்கு நிறம் மாறும் என்று ரேலீனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் வெங்காயம் கேட்டார்.)

அல்லது, அவள் வாங்கிவிடுகிறாள். புழுதி வருகிறது. இதை எழுதும்போது அவளுடைய இருமலுக்கு நல்ல உவமை ஒன்று கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தைக் கிழித்தேன்.

அல்லது நான்

6

இன்று திங்கள். ஒன்பது ஐம்பது. ஏன் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான்காம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவளே கூப்பிட்டுவிட்டாள்.

“ஷோரூம்ல இருக்கேன். மூணு ரகத்துக்கும் கதவு ரப்பர் ஒண்ணுதான், புழுதி வரத்தான் செய்யும்னு விக்கிறவனே சொல்றான். பையன் வேலைக்குப் புதுசு போல. ஆனா நீ மாசற்றதுன்னு எழுதியிருக்க. நீ பொய் எழுதுற ஆள் இல்ல. உன்னை நம்பவா, அவனை நம்பவா?”

என் ஒரு கையில் போன், மறு கையில் பேனா. அவள் மூச்சு கேட்கிறது. இழுத்து, நின்று, இழுத்து.

நான் எழுதிய ஒரு சொல்லை நம்பித்தான் அவள் அங்கே நிற்கிறாள். அதனால் இந்த முடிவை எழுதமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த டேப்பைப் பற்றி நான் இப்போது அவளிடம் வாயால் சொல்லியாக வேண்டும்.